அறிவு நூல் வாங்கப் போன கதை

இனிமேல் எங்கள் தோட்டத்துக்குள் ஒரு நாவல்கூட நுழையக்கூடாது என்று நான் முடிவு செய்தேன். மேஜையைத் தட்டித்தான் முடிவு செய்தேன். தட்டிய வேகத்தில் மைக்கூடு கவிழ்ந்து வேட்டி நீலமானது. அதை நான் பொருட்படுத்தவில்லை. வேட்டியைத் துவைக்கிறவள் பொருட்படுத்தினாள். அது வேறு விஷயம்.

என் பெயர் தங்கையா. சும்மா கூப்பிட்டால்கூட, தம்பியா தங்கையா என்று விசாரிப்பது போலவே கேட்கும். மலாயாவில், டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. தோட்டத்து வாசகசாலைக்குச் செயலாளரும் நானே. வாசகசாலை என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெஞ்சு, பதினொரு புத்தகம். அதில் பத்தைக் கறையான் படித்து முடித்துவிட்டது.

அது ஐம்பத்திரண்டாம் வருஷம். எமர்ஜென்சி. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் போலீஸ், நடுவே முள்கம்பி வேலிக்குள் நாங்கள். சிதறிக் கிடந்த, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் கூட்டிவைத்து, சாயந்திரம் ஆனதும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அரிசி, ரொட்டி, டின் மீன் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். போன மாதம் என் சட்டைப்பையில் அரை ரொட்டி இருந்ததை மறந்து கேட் வரைக்கும் போய்விட்டேன். காவலுக்கு நின்றவர் அதை அங்கேயே தின்னச் சொன்னார். மூன்று நாள் பழைய ரொட்டி. தண்ணீரும் தரவில்லை. அன்றிலிருந்து காக்கிச் சட்டையைக் கண்டாலே எனக்குத் தொண்டை அடைக்கும்.

பூட்டிய வேலிக்குள் பெண்களுக்கு ஒரே பொழுதுபோக்கு கறையான் விட்டுவைத்த அந்தப் பதினோராவது புத்தகம். துப்பறியும் நாவல். என் மனைவி உரக்க வாசிப்பாள். சுற்றி இருபது பேர் வாயைப் பிளந்து கேட்பார்கள். இருபது வீட்டில் குழம்பு அடிப்பிடிக்கும். போதாக்குறைக்கு அந்தப் புத்தகத்தில் கடைசிப் பன்னிரண்டு பக்கம் இல்லை. ஜமீன்தாரைக் கொன்றது யார் என்று லயத்துக்கு லயம் சண்டை.

தோட்டத் தொழிலாளர்களை வேலை வாங்கும் மண்டோர் தம்புசாமி என்னிடம் வந்து அழாத குறை. “கிராணி ஐயா, சமையல்காரன்தான் கொன்னிருப்பான்னு வாய்தவறிச் சொல்லிட்டேங்க. என் வீட்டுக்காரி ரெண்டு நாளா பேச மாட்டேங்கிறா.”

அப்போதுதான் மேஜையைத் தட்டினேன். வாசகசாலைக்கு இருபது புத்தகம் வாங்கிக்கொள்ளத் துரை அனுமதி கொடுத்திருந்தார். இருபதும் அறிவு நூல். சரித்திரம், விஞ்ஞானம், வைத்தியம். கதை என்ற பேச்சுக்கே இடமில்லை.

என் மனைவியின் பெயர் பெரியநாயகி. பெயர் வைத்தவர்கள் தீர்க்கதரிசிகள். எங்கள் வீட்டில் பெரிய நாயகி உண்டு. சின்ன நாயகன்கூடக் கிடையாது.

“அறிவு நூல்தானே? ரொம்ப நல்லதுங்க,” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “உனக்கு வருத்தம் இல்லையா?”

“எனக்கென்ன வருத்தம்? எங்களுக்கும் நாலு விஷயம் தெரியட்டுமே. இருபது புத்தகம் கனக்குமே, தூக்க ஆள் வேணாமா? நானும் வர்றேன்.”

அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். மூட்டை தூக்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கோட்டை விட்டேன்.

சனிக்கிழமை காலை பஸ் பிடித்து மலாக்கா டவுனுக்குப் போனோம். சிவசாமியின் புத்தகக் கடை, கடை என்று சொல்வதைவிடச் சந்து என்றே சொல்லலாம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் அலமாரியில் ஏறிக்கொள்ள வேண்டும். ஆனால் தரையிலிருந்து கூரை வரை புத்தகம். பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் பல் வைத்தியம். சோதிடத்தின் மேல் சோப்புச் செய்யும் முறை. பக்திப் பாடல்களின் மடியில், சேலை நழுவிய ஒரு பெண்ணின் படம் போட்ட காதல் நாவல். கதையையும் கருத்தையும் சிவசாமி ஏன் இப்படிக் கலந்து வைத்திருக்கிறார் என்று கேட்டேன்.

“தனித்தனியா வச்சா அறிவுப் பக்கம் ஒருத்தனும் வர மாட்டேங்கிறான் ஐயா,” என்றார்.

நான் மும்முரமாகப் பொறுக்கினேன். பெரியநாயகியோ கடைக்குள் நுழைந்த வேகத்தில் ஒரு நாவலை உருவி, நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். எங்கள் தோட்டத்து நாவலின் முழுப் பிரதி. பன்னிரண்டு பக்கத்தையும் நின்ற இடத்திலேயே வாசித்து முடித்தாள்.

“என்னங்க! சின்ன மாமனாருங்க! சின்ன மாமனாருதான் கொன்னுட்டாரு!”

கடையில் இருந்த நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“வச்சுட்டு வா,” என்று பல்லைக் கடித்தேன். பதினேழு அறிவு நூல்கள் என் கைகளில் மோவாய் வரை ஏறியிருந்தன. மேலே இருந்தது வெளிநாட்டு அரசர்களின் சரித்திரம். தடித்த புத்தகம். சிவப்பு அட்டை.

பெரியநாயகி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“ஏங்க, சிவப்பா இருக்கே?”

“அட்டைதானே சிவப்பு.”

“போலீஸ்காரருக்குத் தமிழ் தெரியுமாங்க? அட்டையைத்தானே பார்ப்பாரு. உள்ளயும் புரட்சி, ராஜா தலையை வெட்டினாங்கன்னு படம் வேற போட்டிருக்கு.”

சரித்திரத்தைத் திரும்ப வைத்தேன். காலியான இடத்தில் அவள் எதையோ வைத்தாள். நான் கவனிக்கவில்லை.

“இது மூலிகை வைத்தியம்,” என்றேன். “இதில் ஒன்றும் தப்பில்லையே?”

“ஒண்ணும் இல்லைங்க. காட்டுக்குள்ள எந்தத் தழை எங்க முளைக்கும், எதைத் தின்னா உசிரோட இருக்கலாம்னு எழுதியிருக்கு. அவ்வளவுதான்.”

மூலிகை போனது.

“பூகோளம்?”

“எந்த ரோடு எங்க போகுதுன்னு மலாயா படம் மடிச்சு வச்சிருக்காங்க. நம்ம பக்கத்து ஆறுகூட இருக்குதுங்க. அழகா இருக்கு.”

பூகோளம் போனது. அதன் பின்னாலேயே மின்சாரம் போனது. கம்பியையும் பேட்டரியையும் எப்படி இணைப்பது என்று விளக்கப் படம் இருந்தது. கடிதம் எழுதும் முறை போனது. “யாருக்கு எழுதப் பழகுறேன்னு கேட்டா என்ன சொல்வீங்க?” என்றாள்.

இன்னும் பத்துப் புத்தகம் இதே வழியில் போனது. கடைசி முயற்சியாகச் சமையல் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். “இது? சமையல்! உனக்கும் உபயோகம்!”

அவள் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

“ஐம்பது பேருக்குப் பிரியாணி.”

“அதனாலென்ன?”

“நம்ம வீட்ல ரெண்டு பேருங்க. மத்த நாப்பத்தெட்டுப் பேரு எங்க இருக்காங்கன்னு கேப்பாரே?”

சட்டைப்பையில் அரை ரொட்டிக்கே அந்தப் பாடு. ஐம்பது பேர் பிரியாணியை நான் எப்படி நின்ற இடத்தில் தின்று முடிப்பேன்? சமையலும் போனது.

மிஞ்சியது கோழி வளர்ப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு வீரம் வந்தது. கோழியில் என்ன அரசியல்? நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பெரியநாயகி மெதுவாக அட்டையைத் திருப்பி முதல் பக்கத்தைக் காட்டினாள். எழுதியவர் பெயருக்கு முன்னால் கொட்டை எழுத்தில் ‘தோழர்’ என்று போட்டிருந்தது.

கோழிக்குள் தோழரை யார் விட்டது! கை சுட்டதுபோலப் புத்தகத்தைக் கீழே போட்டேன். சிவசாமி எடுத்துத் தூசி தட்டி வைத்தார். அவர் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

மூன்று மணி பஸ்ஸை விட்டால் கேட் பூட்டுவதற்குள் தோட்டம் போய்ச் சேர முடியாது. “சீக்கிரம்! கையில் கிடைத்ததைக் கட்டுங்கள்!” என்று கத்தினேன். சணல் கயிறு போட்டுக் கட்டியபோதுதான் அடுக்கைப் பார்த்தேன். இருபதும் நாவல். பதினொன்று காதல், ஏழு துப்பறிதல், இரண்டில் இரண்டும் கலந்திருந்தது.

“பெரியநாயகி! இதெல்லாம் யார் எடுத்தது?”

“நீங்க ஒவ்வொண்ணா கீழ வைக்க வைக்க, கை காலியா இருந்துச்சுங்க. பாவமா இருந்துச்சு.”

பஸ் புறப்படுகிற நேரத்தில் நல்லமுத்து வாத்தியார் ஓடிவந்து ஏறி, எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர். அவர் மடியிலும் ஒரு கட்டு. அதை நான் சரியாகப் பார்ப்பதற்குள், பாச்சாங் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. ரோடு பிளாக்.

எல்லோரையும் இறக்கி வரிசையாக நிற்கவைத்தார்கள். ஒரு மலாய்க்காரப் போலீஸ்காரர் ஒவ்வொரு பையாகக் கிளறிக்கொண்டு வந்தார். வாத்தியாரின் கட்டைப் பிரித்தார். மேலே சிவப்பு அட்டை. அரசர்களின் சரித்திரம்! அதன் கீழே மூலிகை. அதன் கீழே பூகோளம். எனக்கு வியர்த்தது. மனிதரை இப்போதே லாரியில் ஏற்றப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது போலீஸ்காரர் கட்டை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நகர்ந்திருந்தார். உள்ளே அரிசி இல்லை. அவருக்கு அது போதும்.

அடுத்து நான். என் கட்டைப் பிரித்தார். நின்றார். முகம் மாறியது.

மேல் புத்தகத்தின் அட்டையில், தொப்பி போட்ட ஒருவன் கைத்துப்பாக்கியை நேராக நீட்டிக்கொண்டிருந்தான். அடுத்ததிலும் துப்பாக்கி. அதற்கடுத்ததில் இரண்டு துப்பாக்கி, கூடவே ஒரு பிணம்.

“இனி அப்பா?” என்றார். இது என்ன என்று கேட்கிறார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு மலாயும் வரவில்லை, தமிழும் வரவில்லை. காற்றுதான் வந்தது.

பெரியநாயகி ஓர் அடி முன்னால் வந்தாள். “பூக்கு சரித்தா, என்சே,” என்றாள். கதைப் புத்தகம் ஐயா என்கிறாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என்னைக் கைகாட்டி, “சுவாமி சாயா சூக்கா,” என்றும் சேர்த்தாள். என் புருஷனுக்கு இதெல்லாம் பிடிக்கும் என்று அர்த்தம். மலாய்மொழியில் புருஷனுக்கு ‘சுவாமி’ என்று பெயர். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் வாயால் நான் சுவாமியானது அந்த ஒருமுறைதான். அதுவும் மாட்டிவிடுவதற்கு.

போலீஸ்காரர் ஒரு காதல் நாவலின் அட்டையைப் பார்த்தார். என் நரைத்த மீசையைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். வரிசையில் நின்ற சீனக் கிழவிகூடச் சிரித்தாள். கட்டை என் தலைமேல் வைத்து, போ என்றார்.

பஸ் புறப்பட்டதும் வாத்தியார் திரும்பினார். “நல்ல புத்தகமா அகப்பட்டுச்சு கிராணி. யாரோ ஒரு ஆளு பொறுக்கி எடுத்து வச்சிட்டு, அப்புறம் பயந்து போட்டுட்டு ஓடிட்டாராம். கடைக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு.”

நானும் சிரித்துவைத்தேன். பிறகு பெரியநாயகி பக்கம் திரும்பினேன்.

“பார்த்தியா? அதே சிவப்பு அட்டை. அதே மூலிகை. ஒன்றுமே செய்யவில்லை! நீ என்னமோ பயமுறுத்தினாயே?”

“அவரு வாத்தியாருங்க,” என்றாள் நிதானமாக. “அவர் கையில அறிவு நூல் இருந்தா யாருக்கும் சந்தேகம் வராது. உங்க கையில இருந்தா வரும்லா?”

டுரியான் துங்கால் வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை வாசகசாலையில் கூட்டம். இருபது நாவலுக்கு என்ன காரணம் சொல்வது என்று நான் ஒரு பிரசங்கமே தயார் செய்திருந்தேன். பாதுகாப்பு, ரோடு பிளாக், நாட்டு நிலைமை என்றெல்லாம். உள்ளே நுழைந்தால், பெண்கள் கூட்டம் பெஞ்சு கொள்ளவில்லை. என் கழுத்தில் ஒரு செம்பருத்தி மாலை விழுந்தது. லயத்துப் பெண்களின் ஆசையை அறிந்து, அறிவு நூல்களையெல்லாம் என் கையாலேயே ஒதுக்கித் தள்ளிவிட்டு, நாவலாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வந்தேன் என்று ஒருத்தி சொல்லிவைத்திருக்கிறாள். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

மண்டோர் தம்புசாமி எழுந்தார். அவர் மனைவி பக்கத்தில் நின்று முழங்கையால் இடித்தபடி இருந்தாள்.

“கிராணி ஐயாவுக்கு ஆபீஸ் வேலையே தலைக்கு மேல இருக்கு. இனிமே அவரை அலைய விடக்கூடாதுங்க. வாசகசாலைச் சாவியும் செயலாளர் வேலையும் பெரியநாயகி அக்காகிட்ட இருக்கட்டும். அடுத்த தடவை அக்காவே போயி வாங்கிட்டு வரட்டும். யாருக்காச்சும் ஆட்சேபம் உண்டா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியநாயகி மட்டும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து மிக அடக்கமாக நின்றாள். நான் கையைத் தூக்கினேன். ஆட்சேபம் சொல்லத்தான் தூக்கினேன்.

“ஐயாவும் ஆதரவு!” என்றார் தம்புசாமி. கைதட்டல் தகரக் கூரையை அதிரவைத்தது.

செயலாளராக எனக்கு மிஞ்சியிருந்த கடைசி வேலை, அந்தத் தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதுவது. ‘ஏகமனதாக’ என்று எழுதிப் புதிய செயலாளரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

அவள் பொறுமையாக வாசித்தாள். என் பேனாவை வாங்கினாள். இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.