காசாளர் பஞ்சாட்சரம் திட்டு வாங்கிய வரலாறு

செங்கத்தில் ஒரு நிதிக் கம்பெனி மூழ்கினால் ஜவ்வாது மலை மேல் ஒருவருக்கு டீ கிடைக்காது என்பது பொருளாதாரப் பாடப்புத்தகங்களில் இல்லாத விதி. எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம், சாமைக்கொல்லை என்ற மலைக்கிராமத்துச் சர்க்கார் வங்கிக் கிளையின் காசாளர் பஞ்சாட்சரம் இந்த விதியைத் தம் சொந்த முயற்சியால் கண்டறிந்தார்.

மூழ்கிய கம்பெனிக்கு 'சக்கரவர்த்தி சுபலாப நிதி' என்று பெயர். முதலாளி சக்கரவர்த்தி வெள்ளை சபாரியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டவர். சபாரி போட்டவர் பொய் சொல்வார் என்று அந்தக் காலத்தில் யாரும் நம்பத் தயாராக இல்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில்கூட சபாரியை நிறுத்திக் கேள்வி கேட்கமாட்டார்கள். பணம் போட்டவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்கு இனாம். புளி விற்ற காசும் சாமை விற்ற காசும் மலையிலிருந்து பஸ் ஏறிச் செங்கம் போயின. தூக்குகள் செங்கத்திலிருந்து பஸ் ஏறி மலைக்கு வந்தன. பொங்கல் கழிந்து ஒருநாள் கம்பெனிக் கதவில் பூட்டுத் தொங்கியது. முதலாளி திருப்பதிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அப்புறம் பெங்களூர் என்றார்கள். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பஞ்சாட்சரம் வழக்கம்போல சேட்டுவின் டீக்கடையில் போய் உட்கார்ந்தார்.

"டீ இல்லீங்க," என்றார் சேட்டு.

"கொதிக்குதே சேட்டு."

"அது மத்தவங்களுக்குங்க."

"நான் இன்னா தப்பு பண்ணேன்? அது தனியார் கம்பெனி. எங்களுது சர்க்கார் பேங்க்."

"அங்கயும் கம்பிக்குள்ள உக்காந்துகினு காசு எண்ணாங்க. நீங்களும் கம்பிக்குள்ள உக்காந்துகினுதான் எண்றீங்க."

"அதுக்காக?"

"சரி, எங்காசு எங்க கீது, சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஆபீஸ் வாட்ச்மேனும் இதத்தாங்க சொன்னாரு," என்று சேட்டு அடுத்தவருக்கு டீ ஆற்றப் போய்விட்டார்.

அன்று தொடங்கியது. முடி வெட்டுகிறவருக்கு, ஒரு கன்னம் மழித்து முடித்த பிறகு தன்னுடைய டெபாசிட் ஞாபகம் வந்தது. மறு கன்னத்தைப் பஞ்சாட்சரம் வீட்டுக்குப் போய்த் தாமே மழித்துக்கொண்டார். வீட்டுக்காரர் வாடகையை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். குழாயடியில் அவர் மனைவி அம்சவல்லி குடத்தோடு போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"நெஜமாவே நீங்க எடுக்கலியா?" என்று கேட்டாள் அம்சவல்லி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே.

"நீயுமா?"

"அதில்லீங்க. எடுத்திருந்தாலாச்சும் ஒரு மூக்குத்தி போட்டுக்கினு திட்டு வாங்கலாம். வெறும் மூக்கோட வாங்கறதுதான் ஒரு மாதிரியா கீது."

இதைவிட அவரை வாட்டியது வெள்ளையம்மாளின் வருகை. மேல்கொல்லைக்காரி. புருஷன் இல்லாதவள். மகள் கன்னியம்மாளின் கல்யாணத்துக்காகச் சேர்த்ததையெல்லாம் சுபலாப நிதியில் போட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றாள். தினமும் மலைப்பாதையில் நடந்து வருவாள். காசாளர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வாய் வலிக்கத் திட்டுவாள். திட்டி முடித்ததும் பஞ்சாட்சரமே எழுந்து போய்த் தண்ணீர் கொடுப்பார். குடித்துவிட்டுப் போவாள்.

"போலீசுல எழுதிக் குடுத்தியாம்மா?" என்று ஒருநாள் கேட்டார்.

"குடுத்தேன் சார். அந்தாளு எங்க கீறாருன்னு என்னையே கேக்கறாங்கோ."

மேலாளர் ஆதிநாராயணன் நிலைமையை விளக்கி மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் ஓர் உத்தரவு போட்டது. அந்த வருஷம் எதற்கெடுத்தாலும் ஒரு வாரம் கொண்டாடுவது நாகரிகமாக இருந்தது. ஆகவே 'முகமலர்ச்சி வாரம்' அறிவிக்கப்பட்டது. ஊழியர்கள் அலுவல் நேரம் முழுவதும் புன்னகை புரிய வேண்டும்; புன்னகை பற்கள் தெரியாத அளவில் இருப்பது விரும்பத்தக்கது.

பஞ்சாட்சரம் விரும்பத்தக்க அளவில் புன்னகைத்தார். முதல் நாளே ஜன்னல் கண்ணாடி உடைந்தது. "துன்றதையும் துன்னுட்டு சிரிக்கறான் பாரு," என்று வெளியே யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. அது நியாயமான சந்தேகம்தான் என்று அவருக்கே பட்டது.

கண்ணாடி உடைந்ததால் விஷயம் சட்டம் ஒழுங்கைச் சேர்ந்ததாகிவிட்டது. தாசில்தார் தாண்டவராயன் ஜீப்பில் மலையேறி வந்து சமாதானக் கூட்டம் போட்டார். அவரும் சபாரிதான், சாம்பல் நிறம்.

"குற்றவாளி தலைமறைவாக இருக்கிறார்," என்று தொடங்கினார். "ஆனால் கோபம் தலைமறைவாகவில்லை. அது இங்கேதான் இருக்கிறது. கண்டபடி அலைகிறது. கண்ணாடியை உடைக்கிறது. கோபத்துக்கு ஒரு முறையான இடமும் நேரமும் ஒதுக்கித் தருவது நிர்வாகத்தின் கடமை."

வங்கியில் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை பொதுமக்கள் திட்டுவதற்கென்று தனிக் கவுண்டர் திறப்பது என்றும், திட்டு வாங்கும் பொறுப்பை அனுபவம் மிக்க காசாளரிடம் ஒப்படைப்பது என்றும் தீர்மானமாயிற்று.

பஞ்சாட்சரம் எழுந்து நின்றார். "ஐயா, நான் ஒரு தப்பும் செய்யலீங்களே."

"அதனால்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தோம்," என்றார் தாசில்தார் கனிவாக. "தப்பு செய்தவராக இருந்தால் மனம் புண்படும். உங்களுக்கு அந்தத் தொந்தரவு கிடையாது."

புதுசாகக் கவுண்டர் வருகிறார் என்றதும் எந்த ஊர்க் கவுண்டர், யாருக்கு உறவு என்று மலையில் சிலர் விசாரித்தார்கள். விஷயம் தெரிந்ததும் அதிகம் பேர் வந்தார்கள். தாசில்தார் ரிப்பன் வெட்டினார். 'பொதுமக்கள் மனவருத்த வெளிப்பாட்டுப் பிரிவு' என்று பலகை மாட்டப்பட்டது. ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன். தாய் தகப்பனை இழுக்கக் கூடாது, எதையும் வீசக் கூடாது என்று வாசலில் எழுதி வைத்தார்கள். முதல் டோக்கன் சேட்டுவுக்குக் கிடைத்தது. அவர் பஞ்சாட்சரத்தை மனசார ஏசினார். ஏசிவிட்டுக் கடைக்குப் போய் ஸ்ட்ராங்காக ஒரு டீ போட்டு அனுப்பினார்.

"அது ஆபீஸ் விஷயம், இது நம்ம விஷயம் சார்," என்று சொல்லியும் அனுப்பினார்.

திட்டம் மகத்தான வெற்றி. ஊரில் அமைதி நிலவியது. மறு கன்னமும் சலூனிலேயே மழிக்கப்பட்டது. அம்சவல்லிக்குக் குழாயடியில் முதல் இடம் கிடைத்தது. இம்மாம் திட்டு வாங்குற மனுஷனுக்குச் சீக்கிரம் சோறாக்கிப் போடணுமில்ல என்று பெண்களே குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். ஒடுகத்தூரிலிருந்துகூட ஆட்கள் கட்டுச்சோற்றோடு வந்தார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் கம்பெனியில் பணம் போட்டவர்கள் என்று சொல்ல முடியாது. கம்பம் நட்டும் கரண்ட் வராத ஊர்க்காரர்கள் வந்தார்கள். ரேஷன் சர்க்கரை கிடைக்காதவர்கள் வந்தார்கள். ரேஷன் கடைக்காரரும் வந்தார். சர்க்கரை அவருக்கே வரவில்லையாம். மாமியாரோடு ஒத்துப்போகாத காட்டிலாகா கார்டு ஒருவர் வாரம் தவறாமல் வந்தார். மேலாளர் ஆதிநாராயணனும் ஒருநாள் டோக்கன் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். தமக்கு நியாயமாக வரவேண்டிய பதவி உயர்வைப் பற்றிப் பஞ்சாட்சரத்தைக் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"நல்லா கேட்டுக்கறாரு," என்று பஞ்சாட்சரத்துக்குப் பெயர் வந்தது. எந்த வசவுக்குத் தலை குனிவது, எதற்கு 'தப்புதாங்க' என்பது என்று அவருக்குக் கை வந்துவிட்டது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அம்சவல்லி தொந்தரவு செய்யமாட்டாள்.

வெள்ளையம்மாள் ஒருநாள் தன் முறை வந்ததும் பேசாமல் நின்றாள்.

"திட்டும்மா. பின்னாடி ஆள் நிக்கறாங்க."

"அலுத்துப்போச்சு சார். உங்களத் திட்டி எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறப்போறதில்ல. மாட்டுக் கடன் குடுக்கறாங்களாமே. அதாச்சும் எனக்குக் கெடைக்குமா?"

பஞ்சாட்சரத்துக்கு அன்றுதான் தாம் ஒரு வங்கியில் வேலை செய்கிறோம் என்பது ஞாபகம் வந்தது. மேலாளரிடம் ஓடினார்.

"கொடுக்கலாம். ஆனா பணம் பட்டுவாடா பண்றது யாரு?" என்றார் ஆதிநாராயணன்.

"காசாளர்."

"காசாளர் எங்க?"

"திட்டு வாங்கற பிரிவுல."

"அந்தப் பிரிவை மூடினா தாசில்தார் என்னைக் கேப்பார். கடன் கொடுக்கலைன்னா யாரும் கேக்கமாட்டாங்க," என்று மேலாளர் நிலைமையை எடுத்துரைத்தார்.

மாசியில் போலீஸில் பிடிபட்ட சக்கரவர்த்தி பங்குனி மாதம் ஜாமீனில் வெளியே வந்தார். வெள்ளைக் கார், அதே வெள்ளை சபாரி. நேராகச் சாமைக்கொல்லை வந்து, டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் பணிவாக நின்றார்.

வரிசை பதறிப்போய்விட்டது. "நீங்க போயி நிக்கறதுங்களா? முன்னால வாங்க," என்று வழிவிட்டது. சேட்டு நாற்காலி கொண்டு வந்து போட்டார்.

சக்கரவர்த்தி கம்பிக்கு முன்னால் உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "இந்த வங்கிக்காரர்கள் ஏழைகளுக்கு என்றைக்காவது தூக்கு கொடுத்ததுண்டா? நான் கொடுத்தேன். எனக்குச் சமயத்தில் ஒரு கடன் கொடுத்தார்களா? இல்லை. அதனால்தான் நம் கம்பெனி மூழ்கியது. நம் பணம் இவர்களால் போயிற்று." 'நம்' என்ற இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது. கூட்டம் கை தட்டியது.

"புதுக் கம்பெனி தொடங்குகிறேன். பழைய வாடிக்கையாளர்களுக்கு முன்னுரிமை."

"போடாதீங்க," என்றார் பஞ்சாட்சரம் கம்பிக்குள்ளிருந்து. "போனதக் கேளுங்க மொதல்ல. புதுசா போடாதீங்க."

"சார், நீங்க திட்டு வாங்கற ஆளு. புத்தி சொல்ற ஆளு இல்ல," என்றார் சேட்டு. அதில் கோபமில்லை. விதியைத்தான் சொன்னார்.

சக்கரவர்த்தி எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தபோது, கார் சக்கரத்துக்கு முன்னால் வெள்ளையம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எங்காசு குடுத்துட்டு வண்டிய எடு."

"யம்மா, எந்திரி. பெரிய மனுஷரு," என்றார்கள். "டோக்கன் கீதா உங்கிட்ட? அதுவும் இவரத் திட்டறதுக்கு இங்க கவுண்டர் கெடையாது. உள்ள போயி சாரத் திட்டு."

அவள் அசையவில்லை. இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்து இழுக்கக் குனிந்தார்கள். அப்போதுதான் பஞ்சாட்சரம் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை. வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

பெண்பிள்ளையை இழுத்துப் போடலாம். சர்க்கார் ஊழியரை இழுத்துப் போட்டால் கேஸ் ஆகும். கூட்டம் கையைப் பிசைந்தது. வெயில் ஏறியது. சபாரியின் அக்குளில் வேர்வை படர்ந்தது. ஜாமீனில் இருப்பவர் ஒரு தகராறில் மாட்டினால் என்ன ஆகும் என்பது சக்கரவர்த்திக்குத் தெரியும். கடைசியில் விரலிலிருந்த நவரத்தின மோதிரத்தைக் கழற்றி வெள்ளையம்மாள் மடியில் போட்டார். அவள் அதைக் கடித்துப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு, காலை மடக்கினாள்.

மோதிரம் நிஜமானது. கன்னியம்மாள் கல்யாணம் வைகாசியில் நடந்தது. பெரிய மனுஷன் விரலில் இருந்ததைப் பிடுங்கியவள் என்று ஊரில் பாதிப் பேர் போகவில்லை. பஞ்சாட்சரமும் அம்சவல்லியும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

அவருக்கு மெமோ வந்திருந்தது: 'திட்டு வாங்கும் நேரத்தில் இருக்கையை விட்டு அனுமதியின்றி அகன்றது ஏன்?' அதற்கு விளக்கம் எழுதி முடிப்பதற்குள் வேறு உத்தரவும் வந்துவிட்டது. மலை முழுக்க வங்கியில் இருந்ததையும் எடுத்துப் புதுக் கம்பெனியில் போட்டுவிட்டதால், போதிய வியாபாரம் இல்லாத கிளையை மூடுவதென்றும், காசாளரைக் கலசப்பாக்கத்துக்கு மாற்றுவதென்றும் மேலிடம் மகிழ்ச்சியுடன் தெரிவித்தது.

கலசப்பாக்கத்துக்குப் போகும் பஸ் மலை வளைவில் புகைவிட்டு நின்றது. அரை மணியாயிற்று. பஞ்சாட்சரத்துக்குள் ஏதோ பொங்கி வந்தது. கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார். வண்டியின் லட்சணம், நிர்வாகத்தின் லட்சணம், பயணிகளின் வரிப்பணம் என்று ஒன்றுவிடாமல் பிடிபிடியென்று பிடித்தார். இத்தனை நல்ல வசவுகள் தம்மிடம் சேர்ந்திருப்பது அவருக்கே வியப்பாக இருந்தது. முடித்தபோது நெஞ்சு பஞ்சு மாதிரி இருந்தது. அம்சவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்டக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "உங்கள மாதிரி தெனம் நூறு பேரு திட்றாங்க சார்," என்றார். "நான் யாரப் போயி திட்றது? மேல சாமைக்கொல்லை பேங்க்ல ஒரு ஆள் உக்காந்து திட்டு வாங்கறாராமே. எனக்கும் அந்தக் கம்பெனியில காசு போச்சு. ஒருநாள் போலாம்னு லீவு எழுதிக் குடுத்துக் கீறேன்."

"அத மூடிட்டாங்க," என்றார் பஞ்சாட்சரம்.

கண்டக்டர் முகம் விழுந்துவிட்டது. "ஜனங்களுக்குன்னு இருந்தது அது ஒண்ணு. அத்தையும் மூடிட்டானுங்களா. இந்த பேங்க்காரனுங்களே இப்படித்தாங்க."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். பஞ்சாட்சரமும் ஆமாம் என்றார்.