பெரட்டுக்களத்தில் ஒரு கூடாரம்

மலை ஏறத் தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. அவன் பேசாமல் வீட்டில் இருந்துவிடுவான். கைப்பேசியில் நாலு காணொளி பார்த்துவிட்டு, தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன்தான் ஆபத்தானவன். பதுளையில் அப்பாவின் துணிக்கடையில் சட்டை மடித்துக்கொண்டிருந்த நான் அந்த ரகம்.

அப்போது பூனாகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்தவரின் மகள் சாந்தியை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். "தாய்மாமன் ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்று கங்காணியார் முடிவைத் தள்ளிவைத்திருந்தார். அந்தத் தாய்மாமன் கொழும்பில் மருந்துக்கடை வைத்திருப்பவர். (பிரஷர் மாத்திரையைத் தானே விற்று, தானே விழுங்குகிறவர்.) அவரிடம் நல்ல பெயர் வாங்க நான் ஒரு திட்டம் போட்டேன். எல்ல என்ற ஊரிலிருந்து அவரோடு தேயிலை மலைகள் வழியாக நடப்பது, பாதி வழியில் கூடாரம் அடித்துத் தங்குவது, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குச் சாந்தி வீட்டில் போய் நிற்பது.

"எனக்கு இதெல்லாம் புதுசு தம்பி. ஒங்களுக்கு வழி தெரியுமில்ல?" என்று மாமா தொலைபேசியில் கேட்டார்.

"கண்ணக் கட்டிவிட்டாலும் போயிருவேன் மாமா."

"மழ வந்தா?"

"வராது மாமா."

"போன்ல சார்ஜ் எறங்கிட்டா?"

"நீங்க காலுக்கு நல்ல சப்பாத்து மட்டும் வாங்குங்க மாமா, மத்தத நான் பாத்துக்கிறேன்."

அவர் கேட்ட மூன்றும் கேட்ட வரிசையிலேயே நடந்தன. மதியத்துக்கு மேல் வழி தவறியது. பிறகு மழை கொட்டியது. மூடுபனி இறங்கியபோது வரைபடத்தோடு சேர்ந்து கைப்பேசியும் கண்ணை மூடிக்கொண்டது. டார்ச் அடித்தால் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. மாமாவின் காலில் அட்டைகள் விருந்து சாப்பிட்டன. மூச்சு வாங்க அவர் அடிக்கடி நின்றார். இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் கல்யாணம் கிடக்கட்டும், அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

கடைசியில் சமமான ஓர் இடம் காலில் தட்டுப்பட்டது.

"காட்டுக்குள்ள எப்படித் தம்பி இம்புட்டு மட்டமா எடம்?"

"அதுதான் மாமா அனுபவம்."

கூடாரத்துக்குள் நுழைந்து அம்மா கொடுத்த கோழிப்பொரியல் பார்சலைப் பிரித்தோம். காத்து கருப்பு அண்டாமலிருக்க அம்மா அதில் ஒரு கரித்துண்டும் வைத்திருந்தார். முதல் துண்டை எடுத்தபோது வெளியே பெரிய மூச்சுச் சத்தம் கேட்டது. மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சிறுத்த" என்றேன். (காணொளியில் கேட்டிருக்கிறேன்.) "கறி வாசத்துக்கு வந்திருக்கு. வீசிருவோம் மாமா."

கரித்துண்டோடு சேர்த்துப் பார்சலை இருட்டில் வீசினேன். ஏதோ ஒன்று சப்புக்கொட்டித் தின்றது. மூச்சு மட்டும் நிற்கவேயில்லை. பசியோடும் பயத்தோடும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கிடந்தோம். மாமா முருகனைக் கூப்பிட்டார். நான் மாமாவின் கையைப் பிடித்து நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் பேச்சுக்குரல்கள் கேட்டன. மாமா கூடாரத்தைத் திறந்து தலையை நீட்டினார். கொழுந்துக்கூடைகளோடு ஒரு கூட்டமே எங்களைச் சுற்றி நின்றது. நாங்கள் படுத்திருந்தது, காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களம். பக்கத்தில் மாட்டுப்பட்டி. சிறுத்தை நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பார்சலின் வாழையிலையை நக்கியபடி ஒரு நாய் படுத்திருந்தது. கூட்டத்துக்கு முன்னால், குடையை ஊன்றிக்கொண்டு, சாந்தியின் அப்பா.

"என்ன மச்சான், பெரட்டுக்கு இம்புட்டு வெள்ளன வந்துட்டீங்க?"

களமே சிரித்தது. நாலு வீடு தள்ளி அவர்கள் வீட்டு அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. வாசலில் சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மழையும் பனியும் போதாதென்று, இரவு தோட்டம் முழுக்கக் கரண்டும் இல்லையாம்; அதனால்தான் ஒரு வெளிச்சமும் கண்ணில் படவில்லை. கதை முடிந்தது, அடுத்த பஸ்ஸில் பதுளைக்கு ஏறிவிடலாம் என்று நினைத்தேன்.

மாமா ரொட்டியும் சம்பலும் தின்று முடித்தார். பிறகு கை கழுவிக்கொண்டு சொன்னார்:

"மச்சான், இந்தப் பயலுக்கு வழியும் தெரியாது, மாட்டுக்கும் சிறுத்தைக்கும் வித்தியாசமும் தெரியாது. ஆனா ராத்திரி பூரா என் கைய விடல. வழி தவறுனாலும் நம்ம வீட்டு வாசலுக்குத்தான் வந்து சேர்றான். குடுத்துருங்க."

இன்றைக்கும் பொங்கலுக்குப் போய் இறங்கினால் கங்காணியார் என் பையை வாங்கிக்கொண்டே கேட்பார்: "மாப்புள, உள்ளுக்குப் பாய் போடச் சொல்லவா, களத்தக் கூட்டிவிடச் சொல்லவா?"