பிள்ளைக் கதிரையில் இருந்த பொங்கல்

வென்ற்வேத்வில், சிட்னி
ஆவணி 2004

மதிப்புக்குரிய சம்பந்தி நித்தியானந்தன் அவர்களுக்கு,

முருகன் தயவில் நானும் மனைவியும் சுகம். மெல்பேர்னில் நீங்களும் சுகம் என்பதை, உங்கள் மகள் கமலினி நாள் தவறாமல் ரெலிபோனில் தாயாரிடம் விசாரிப்பதிலிருந்து அறிந்துகொள்கிறேன். மாமனாராகிய என்னை விசாரிக்கத்தான் ஆளில்லை. ஆகவே எழுதுகிறேன்.

சித்திரையில் உங்கள் மனைவி இராஜேஸ்வரி இங்கே வந்தபோது, கமலினி கார் லைசென்ஸ் எடுத்ததற்கு நேர்த்திக்கடன் என்று சொல்லி என் குசினியில் பெரிய சருவச்சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல் பொங்கினார். நல்ல காரியம். அதை மேய்ஸ் ஹில் முருகனிடம் என் காரில் கொண்டுபோக வேண்டும் என்றார். அதுவும் நல்ல காரியம். எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்டேன். "ஓம் அண்ணை, எடுங்கோ" என்றார். எடுத்தேன். பின்னுக்குத் திரும்பிப் பார்க்காதது என் குற்றமாம். சட்டி சரிந்துவிடும் என்று பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, காரில் அவளுக்கென்று பூட்டியிருந்த குழந்தைக் கதிரையில் சட்டியை இருத்தி, வாரெல்லாம் போட்டு இறுக்கியது மட்டும் ஒருவருடைய குற்றமும் இல்லை.

கோயில் திருப்பத்தில் பொலிஸ் மறித்தது. பொலிஸ்காரப் பெடியன் சட்டியைப் பார்த்தான், மடியைப் பார்த்தான், திரும்பவும் சட்டியைப் பார்த்தான். பேத்தி விரலை நீட்டி, "மை சீட்!" என்று சாட்சி சொன்னாள். உங்கள் மனைவி மூடியைத் திறந்து, "பிளீஸ், ரேக் சம்" என்று ஒரு கரண்டி அள்ளி நீட்டினார். லஞ்சம் என்று வேறு எழுதப்போகிறான் என்று, கரண்டியை உள்ளே இழுக்கச் சொன்னேன். அவன் தண்டமும் லைசென்ஸில் குற்றப் புள்ளியும் எழுதி என்னிடம்தான் தந்தான், கார் ஓடினது நான்தானே. பிறகு பிள்ளை கதிரைக்குப் போக, சட்டி உங்கள் மனைவியின் மடிக்கு வந்தது. சூடு தாங்காமல் அடுத்த வளைவிலேயே கையை விட்டார். முருகனுக்கு ஒரு கரண்டியும் மிஞ்சவில்லை. காருக்குள்ள இண்டைக்கும் எறும்பு.

போன கிழமை இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற நேரம். அங்க போன் எடுத்த பெண்பிள்ளை, அண்மையில ஏதும் குற்றம் உண்டோ எண்டு கேட்டாள். சொன்னன். குழந்தைக்குக் கதிரை இல்லையோ எண்டாள். இருக்கு எண்டன். அப்ப அதில ஆர் இருந்தது? சோறு எண்டன். சோறோ எண்டு திருப்பிக் கேட்டாள். பிறகு கட்டணத்தைக் கூட்டிச் சொன்னாள். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் ஒரு கீறல் விழாமல் ஓடினவன் ஐயா நான்! என்னைக் கண்மண் தெரியாமல் ஓடுற பெடியளோட ஒரு வரிசையில நிப்பாட்டிப்போட்டாங்கள்.

காசு போகட்டும். "மாமா, இனிப் பிள்ளையை உங்கட காரில ஏத்த வேண்டாம், நோ மோர்" எண்டு கமலினி சொல்லிப்போட்டா. பேத்தியைக் காலமை பாலர் பள்ளிக்கு ஏத்திப் பின்னேரம் இறக்கிறதுதான் இந்த ஊரில எனக்கு இருந்த ஒரே வேலை. இப்ப அந்த நேரத்துக்குச் சும்மா காருக்குள்ள போய் இருக்கிறன். வெறுங் கதிரையின்ர வாரைப் பூட்டிப் பூட்டிக் கழட்டுறன். "உன்ர அம்மாவும்தானே..." எண்டு என்ர மகன் வாயெடுத்தான். "அம்மாவுக்கு இந்த ஊர்ச் சட்டம் தெரியுமோ?" எண்டு கமலினி அவனை அடக்கிப்போட்டா. மெல்பேர்ன் என்ன வேற நாடோ, சம்பந்தி? அங்க பிள்ளையளை டிக்கியிலயோ ஏத்துறவை?

ஆகவே இனி நீங்கள் எவரும் சிட்னிப் பக்கம் வர வேண்டாம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் பாலும் பொங்கலும் குறைவில்லாமல் பொங்க, அந்த வீட்டிலேயே பொங்க, முருகனை வேண்டி விடைபெறும்

சம்பந்தி
கல்யாணசுந்தரம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போக, கமலினி வந்தா. நேர்த்தி குறையில நிக்கிறதாலதான் இவ்வளவு கரைச்சலுமாம், திரும்பப் பொங்க வேணுமாம். வாற வெள்ளி கோயிலுக்குப் பிள்ளையை என்ர காரில விடுவாவாம். ஆனால் பிள்ளை கதிரையில, சட்டி ஒரு பெரிய ஆளின்ர மடியில. என்ர மனைவி மாட்டன் எண்டிட்டா. உடனே ரிக்கற் போட்டு இராஜேஸ்வரித் தங்கச்சியை அனுப்பிவையுங்கோ. சூடு தாங்கத் தடிச்ச துவாய் நான் குடுப்பன்.