மூன்று மிசோரா கார்களும் லைலாவின் கலியாணமும்

கிண்ணியா,
1979 ஒக்டோபர் 9, செவ்வாய்.

அன்பும் கண்ணியமும் நிறைந்த மச்சான் அஸீம் அவர்களுக்கு, கடலோரத்திலிருந்து உங்கள் மச்சான் அபூதாஹிர் மனம் நிறைந்த ஸலாமுடன் எழுதிக்கொள்வது.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் வீட்டுக்காரியான உங்கள் ராத்தா சுபைதாவும் நல்ல சுகம். உங்களுக்குச் செங்கமாரி இறங்கி, கண் மஞ்சள் போய் வெள்ளையாகி, கொழும்பில் கம்பனிக்குப் போகத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறோம். பத்தியத்தை விடவேண்டாம் என்று ராத்தா சொல்லச் சொன்னா. என் மகள் லைலாவின் கலியாணத்துக்கு வரமுடியாமல் படுத்துவிட்டீர்களே என்று இங்கே கவலைப்படாத ஆள் இல்லை. ஆனால் வராததும் ஒருவகையில் நல்லதுதான். வந்திருந்தால் உங்கள் கம்பனிக் கார்களுக்கு நடந்ததைக் கண்ணால் கண்டு, உங்களுக்கு மறுபடியும் செங்கமாரி ஏறியிருக்கும்.

நீங்கள் அனுப்பிய ஒப்பீட்டுத் தாள் கிடைத்தது. மிசோரா கம்பனியின் 1980ஆம் வருஷத்து மூன்று மொடல்களையும் கம்பனி ஆள் கிறிஸ்தோபர் கொண்டுவருகிறார், ஓடிப் பார்த்து எதில் என்ன வசதி என்று கட்டத்துக்குள் எழுதுங்கள், பிடித்ததைக் கம்பனி விலையில் எடுத்துத் தருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். மச்சான், இருபத்துமூன்று வருஷமாக வாடகைக்கு ஹயர் ஓடுகிற எனக்குக் காரைப்பற்றிச் சொல்ல எவ்வளவோ உண்டு. உங்கள் கட்டத்துக்குள்ளோ ‘உண்டு’, ‘இல்லை’ என்று எழுத மட்டும்தான் இடம். ஆகையால் தாளை வெறுமையாகவே இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். விபரத்தைக் கடிதத்தில் வாசிக்கவும்.

போன செவ்வாய்க்கிழமை பகல் கிறிஸ்தோபர் மூன்று கார்களையும் இரண்டு ட்ரைவர்களையும் பாதைத் தெப்பத்தில் ஏற்றித் தண்ணீரைக் கடந்து நம்முடைய கரைக்கு வந்து சேர்ந்தார். நல்ல பிள்ளை, மரியாதையான பேச்சு, ஆனால் அந்த வெயிலிலும் கழுத்தில் டை. முதலாவது 800: மஞ்சள் நிறம், இரண்டே கதவு. இரண்டாவது 1200: நீலம், நாலு கதவு, றேடியோ, விசையை இழுத்தால் பின்னால் சாய்கிற முன்சீற். மூன்றாவது எஸ்டேட்: வெள்ளை, நாலு கதவோடு பின்பக்கத்தில் பெரிய கதவொன்று, அதை மேலே தூக்கினால் கடை திறந்த மாதிரி. கலியாணத்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டு நின்ற சனம் எல்லாம் கம்பையும் கயிற்றையும் போட்டுவிட்டுக் காரடிக்கு வந்துவிட்டது. முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற வசதி 1200இலும் எஸ்டேட்டிலும் இருக்கிறது, 800இல் இல்லை என்று சொல்லிக் கிறிஸ்தோபர் ஒரு பொத்தானை அமத்த, தண்ணீர் கண்ணாடியைத் தாண்டிப் பாய்ந்து, அந்தப் பக்கம் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்ற பந்தல்காரரின் வாய்க்குள் போய்விட்டது. மனுஷன் கோபிக்கவில்லை. நிதானமாக விழுங்கிவிட்டு, “எங்கட கிணத்துத் தண்ணியவிட இது நல்லாயிருக்கு. உப்பில்ல” என்றார். கிறிஸ்தோபர் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை நானும் ராத்தாவும் 800ஐ எடுத்துக்கொண்டு திருகோணமலை டவுனுக்குப் போய்க் கலியாணச் சாமான் வாங்கி வந்தோம். அதைப்பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. பின்சீற்றில் இருக்க வேண்டுமென்றால் முன்சீற்றை மடித்து, தலையைக் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழையவேண்டும். ஹயர் ஓடுகிறவனுக்கு அது சரிவராது. இரண்டு கதவுள்ள காரை நம்பிக் கிண்ணியாவில் யார் வந்து ஏறப்போகிறார்கள்?

வியாழக்கிழமைதான் கலியாணம். மாப்பிள்ளை அன்ஸார் துறைமுகப் பட்டறையில் மெக்கானிக் என்பது உங்களுக்குத் தெரியும். அவரையும் அவர் பகுதியார் பத்தொன்பது பேரையும் டவுனிலிருந்து நம்முடைய வீட்டுக்கு ஏற்றிவர என்னுடைய காரும் இன்னொரு ஹயர்க் காரும் என்று ஏற்பாடு. காலையில் என் காரை ஸ்டார்ட் பண்ணினேன். எஞ்சினுக்குள் ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. மற்றக் காரின் ட்ரைவருக்குக் காய்ச்சல் என்று பகல் பத்து மணிக்கு ஆள் வந்தது. நான் கிறிஸ்தோபரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தம்பி, மூண்டு காரையும் கொண்டு போய் மாப்பிள்ளை ஆக்கள ஏத்திக்கொண்டு வாங்க. ஓடிப் பார்க்கத்தானே கொண்டு வந்தீங்க? பாரத்தோட ஓடிப் பார்ப்பம்.”

“ஒரு கார்ல நாலு பேர்தான் ஏத்தலாம்னு கம்பனி சட்டம் ஐயா.”

“அது கொழும்பு நாலு தம்பி. கிண்ணியா நாலு வேற.”

அவர் டையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் போனார். டவுனில் நடந்ததை அவர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1200இன் பின்கதவுகளில் பிள்ளைப் பூட்டு என்று ஒரு வசதி இருக்கிறதாம். கதவின் ஓரத்திலுள்ள சின்ன விசையைத் தட்டிவிட்டால், உள்ளே இருந்து எந்தக் கொம்பன் இழுத்தாலும் கதவு திறக்காது. வெளியே இருந்துதான் திறக்கவேண்டும். மூன்று மொடலில் 1200க்கு மட்டும்தான் அது உண்டு. சின்னப் பிள்ளைகளை அதில் ஏற்றலாம் என்று நினைத்துக் கிறிஸ்தோபர் இரண்டு பக்கமும் பூட்டைப் போட்டு வைத்திருக்கிறார். ஆனால் மாப்பிள்ளையின் மாமா முஹம்மது தம்பி வந்து பார்த்துவிட்டு, “றேடியோ உள்ள கார்தான் மாப்பிள்ளைக்கு. பிள்ளைகள் எல்லாம் வெள்ளைக் காருக்குப் போங்க” என்று ஆட்களை மாற்றி ஏற்றிவிட்டார். அந்த அமளியில் பூட்டைக் கழற்றக் கிறிஸ்தோபருக்கு நினைவில்லை. முன்சீற்றில் அவர்களுடைய பள்ளி லெப்பை ஏறினார். ஏறினவர் எதையோ பிடிக்கப்போய் விசையை இழுக்க, சீற் பின்னால் சாய்ந்து, அவர் மல்லாந்து முஹம்மது தம்பியின் மடியில் தலையை வைத்துவிட்டார். நிமிர்த்தப் பார்த்தபோது, “இருக்கட்டும், இது சுகமாத்தான் கிடக்கு” என்று சொல்லி அப்படியே உறங்கிவிட்டாராம். பாதை ஏறினதும் தெரியாது, இறங்கினதும் தெரியாது.

பின்னேரம் நாலரைக்கு மூன்று காரும் வாசலில் வந்து நின்றன. றபான் அடிக்கிறார்கள், பெண்கள் குரவை போடுகிறார்கள், புழுதி ஒரு பக்கம். நீலக் காரை ஓட்டிவந்த கிறிஸ்தோபர், அதன் கதவைச் சாத்திவிட்டு எஸ்டேட்டின் பின்கதவைத் தூக்கிவிட அந்தப் பக்கம் ஓடிவிட்டார். நாங்கள் எல்லாரும் நீலக் காரையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். மாப்பிள்ளை இறங்கவில்லை. ஒரு நிமிஷம் போனது. இறங்கவில்லை. வெட்கப்படுகிறார் என்று ஒருவர் சொன்னார். கண்ணாடிக்கு உள்ளே முஹம்மது தம்பி மடியில் லெப்பையின் தலையோடு கையை வீசி வீசி ஏதோ பேசுகிறார், முகமெல்லாம் சிவந்திருக்கிறது, வெளியே ஒரு சொல்லும் கேட்கவில்லை. அன்ஸார் கண்ணாடி இறக்குகிற கைபிடியை அவசரத்தில் சுழற்றியிருக்கிறார், அது கழன்று கையோடு வந்துவிட்டது. அந்தக் கைபிடியை அவர் எங்களுக்குத் தெரியும்படி கண்ணாடியோடு ஒட்டித் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

“என்னமோ காட்டுறார்.”

“சாவி மாதிரிக் கிடக்கு.”

“சாவிதான். கார்ச் சாவியக் கேக்கிறார். இந்தக் காரத் தந்தாத்தான் இறங்குவாராம்!”

மச்சான், அந்தச் சொல் றபான் சத்தத்தையும் தாண்டிக்கொண்டு குசினிவரைக்கும் போய்விட்டது. றபான் நின்றது. குரவை நின்றது. சீதனமாக வீட்டைத் தவிர வேறொன்றும் வேண்டாம், காரென்ற பேச்சே எங்கள் வாயில் வராது என்று என்னுடைய கையைப் பிடித்துச் சொன்னவர் இதே முஹம்மது தம்பிதான். ஜன்னலுக்குள்ளிருந்து லைலா என்னைக் கூப்பிட்டாள். போனேன். கண்ணில் போட்ட சுர்மா கன்னத்துக்கு இறங்கியிருந்தது.

“வாப்பா, கார் கேட்டு வந்தவரெண்டா அந்தக் காரிலயே திருப்பி அனுப்புங்க. நான் அழமாட்டன்.”

பிள்ளை அப்படிச் சொன்ன பிறகு எனக்கு எங்கிருந்தோ ஒரு வீரம் வந்தது. நேரே காருக்குப் போய்க் கண்ணாடியில் தட்டினேன்.

“தம்பி! இது என்ட கார் இல்ல! கம்பனிக் கார்! விளங்குதா?”

அன்ஸார் தலையாட்டினார்.

“தாறதெண்டாலும் என்னால தர ஏலாது! அல்லாஹ்வுக்காக இறங்குங்க!”

அதற்கும் தலையாட்டினார். ஆனால் இறங்கவில்லை. முன்னையைவிட வேகமாகக் கைபிடியை ஆட்டிக் காட்டினார். பின்னால் நின்ற சனம் ‘ஆ’ என்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான், பொய் சொல்லமாட்டேன்.

அப்போதுதான் உங்கள் ராத்தா சனத்தை விலக்கிக்கொண்டு வந்தா. “என்ன கூத்து இது? தள்ளுங்க” என்று என்னை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கதவின் பிடியில் கையை வைத்து இழுத்தா. கதவு சும்மா திறந்தது. மாப்பிள்ளை, அவர் மடியிலிருந்த பழத்தட்டு, கைபிடி மூன்றும் ஒன்றாக வெளியே விழுந்தன.

“மாமி,” என்றார் அன்ஸார், நிலத்தில் இருந்தபடியே, “உள்ளுக்கிருந்து திறக்க ஏலாது மாமி. உள்ளுக்கு அவியுது. ஒரு மிடறு தண்ணி தாங்க.”

மற்றப் பக்கத்தால் முஹம்மது தம்பியை இறக்கியபோது, “எவ்வளவு நேரமாக் கத்துறன்! கிண்ணியாவில ஒருத்தருக்கும் காது கேக்காதா?” என்று அவர் சத்தம் போட, லெப்பை கண்ணைத் திறந்து, “கிண்ணியா வந்திட்டா?” என்று கேட்டார். அவ்வளவுதான், ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. லைலாவின் சிரிப்பு. மணப்பெண் அப்படிச் சிரிக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏனென்றால் கேட்கக்கூடியவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தச் சத்தம் வந்த ஜன்னலை அன்ஸார் நிமிர்ந்து பார்த்தார், அவரும் சிரித்தார். நிக்காஹ் சிறப்பாக முடிந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் அவரைத் தனியே கூப்பிட்டு, “தம்பி, உங்களப் பிழையா நினைச்சிட்டன், பொறுத்துக்கொள்ளுங்க” என்றேன்.

“அதெல்லாம் ஒண்டுமில்ல மாமா. கதவு திறக்கிற முறையச் சொல்லித் தாறீங்க எண்டு நினைச்சுத்தான் நானும் தலையாட்டிக்கொண்டிருந்தனான்” என்றார். பிறகு மெல்ல, “பட்டறையில சொல்லிடாதீங்க” என்றார். புது உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சாப்பிட உட்காருவதற்கு முன்னமே அந்தக் கைபிடியையும் பூட்டிக் கொடுத்தார். அப்படிப்பட்ட மருமகன்.

ஆகவே மச்சான், எல்லாவற்றையும் ஒப்பிட்டு நான் கண்ட முடிவு இதுதான். 1200 பார்வைக்கு நல்லது, றேடியோ நல்லது, சீற் லெப்பைக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தப் பூட்டுள்ள காரை என் வாசலில் நிறுத்தமாட்டேன். 800ஐப் பற்றிப் பேச்சே வேண்டாம். எஸ்டேட்டில் அன்றைக்குப் பிள்ளைகளும் பெண்களுமாகப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முன்னால், பின்னால், பக்கத்தால் என்று நினைத்த பக்கமெல்லாம் இறங்கினார்கள். பன்னிரண்டு பேரை ஏற்றி ஒருவருக்கும் காயமில்லாமல் இறக்குகிற கார்தான் ஹயருக்கு ஏற்ற கார். வெள்ளை எஸ்டேட்டை எனக்கென்று பதிந்துகொள்ளவும். கிறிஸ்தோபர் வெள்ளிக்கிழமை கொழும்புக்குத் திரும்பிவிட்டார். அவரிடம் ஒரு டை குறையும், கேட்டால் கோபிக்கவேண்டாம். எஸ்டேட்டின் பின்கதவை மேலே தூக்கிக் கட்ட அதைத்தான் பாவித்தோம்.

உங்கள் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லாருடைய ஸலாமும். லைலாவும் மருமகனும் உங்கள் துஆவைக் கேட்டுக்கொள்கிறார்கள். உடம்பில் பலமும், வீட்டில் சந்தோஷமும், தொழிலில் பரக்கத்தும் உங்களுக்கு அல்லாஹ் தருவானாக.

இங்ஙனம்,
உங்கள் மச்சான்,
ம. அபூதாஹிர்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப்போகும்போது உங்கள் தந்தி வந்தது. ‘ராத்தா சொன்னபடி மஞ்சள் 800 லொறியில் ஏற்றியாச்சு. அஸீம்.’ நான் நாலு தரம் வாசித்தேன். பிறகு உங்கள் ராத்தாவைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை கிறிஸ்தோபரிடம் சொல்லிவிட்டது தான்தான் என்று அவ ஒப்புக்கொண்டா.

“அதில ஹயர் ஓட ஏலாதே, சுபைதா?”

“ஹயருக்குப் பழைய காரை மருமகன் திருத்தித் தாறாராம். முந்தாநாள் எஞ்சினக் கழட்டிட்டார். இது ஹயருக்கு இல்ல. இருபத்துமூண்டு வருஷமா உங்கட காரில ஏறுறன். முன்சீற்றில எப்பவும் ஆரோ ஒரு ஊராள். நான் பின்னுக்கு, ஆக்களோடயும் மூட்டையோடயும். புதன்கிழமைதான் உங்களுக்குப் பக்கத்தில இருந்து டவுனுக்குப் போனனான்.”

இதற்கு உங்கள் ஒப்பீட்டுத் தாளில் கட்டம் இல்லை மச்சான். ஆகவே மேலே எழுதியவற்றில் ஸலாமும் கலியாணச் செய்தியும் மட்டும் செல்லும், மற்றதையெல்லாம் வெட்டிவிடவும். லொறி கொழும்பிலிருந்து என்றைக்குப் புறப்பட்டது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். காலையிலிருந்து உங்கள் ராத்தா இரண்டு தரம் பாதையடிக்குப் போய்ப் பார்த்துவிட்டா. நான் ஐந்து தரம்.