ஹாஜியார் கொண்டு போன முதற்பிரதி

சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டு, தையல் மெசினுக்கு முன்னால் வயதைக் கழித்த ஒருத்தி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மற்றதற்கெல்லாம் மற்றவர்கள்தான் என்னிடம் கேட்க வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு நானும் தங்கச்சியும் ஒரே கூடாரத்தில் குடியிருந்தோம். அந்த நாட்களின் சிரிப்பை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதி, ‘கூடாரத்தில் ஒரு குசினி’ என்று பெயர் வைத்தேன். யுத்தம் முடிந்த கையோடு தங்கச்சி கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் வாசிக்கத்தான் மின்னூலாக்க நினைத்தேன். இன்னொரு காரணம், மின்னூலுக்கு மேடை இல்லை. (கலியாண வீட்டிலும் குசினியை விட்டு வெளியே வராத ஆள் நான்.)

என் கூடப்பிறந்த காக்காவின் கொமினிகேசன் கடையில், அவருடைய லெப்டொப்பில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் குத்தினேன். மின்னூல் விற்கும் இணையத்தளம் ஒன்று என் பெயர், பிறந்த நாள், வங்கி, அட்டைப்படம் எல்லாம் கேட்டது. அட்டைப்படம் சிறிது என்றது. பெருப்பித்தால் பெரிது என்றது. எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு, என்ன மொழி என்று கேட்டது. பட்டியலில் தமிழ் இல்லை! நான் கேள்விப்படாத மொழிகளெல்லாம் வரிசையில் நிற்கின்றன, தமிழைக் காணோம். இதை முதலிலேயே சொன்னால் என்ன? பெண் பார்த்து, சாப்பிட்டு, கை கழுவிய பிறகு “எங்கட வீட்டில மாப்பிள்ளையே இல்ல” என்று சொல்வார்களா?

“தங்கச்சிக்கு ஈமெயில்ல அனுப்பி விடுங்க காக்கா” என்றேன். அவளுக்கு வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. அன்றைக்குத்தான் சிநேகிதியின் அறையில் கம்பியூட்டர் பார்க்கலாம்.

என் கணவர் குறுக்கே விழுந்தார். “வெளியீட்டு விழா வெக்காம புத்தகத்த வெளிய விடுறதா? ஊரு சிரிக்காதா?”

“கையில புடிக்க ஏலாத புத்தகத்துக்கு என்ன விழா, மச்சான்?”

“நீ சும்மா இரி புள்ள. வியாழக்கிழமை விழா. மறுகா அனுப்புவம்.”

வியாழன் அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை மண்டபம். முதற்பிரதி பெறுபவர் அரிசி ஆலை ஹாஜியார். அவ்வளவு பெரிய மனிதருக்கு வெறுங்கையையா நீட்டுவது? என் கணவர் காக்காவின் லெப்டொப்பைப் பூப்போட்ட தாளில் சுற்றி, சிவப்பு ரிபன் கட்டிக் கொடுத்தார். ஹாஜியார் வாங்குவார், படத்துக்கு நிற்பார், திருப்பித் தருவார் என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை ஹாஜியாரிடம் ஒருவரும் சொல்லவில்லை. முதற்பிரதியைத் திருப்பிக் கொடுத்தவர் எங்கள் ஊரில் யார் இருக்கிறார்?

ஹாஜியார் வாங்கினார். காசுக் கவரை நீட்டினார். “பாரமான புத்தகம், மாஷா அல்லாஹ்! நிறையத்தான் எழுதி இரிக்கீங்க மகள்” என்றார். பிறகு அதைக் கமுக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு, இப்பவே உம்றாப் பயணத்துக்குப் புறப்பட வேண்டும் என்று இறங்கிவிட்டார்.

நான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன். “ஹாஜியார், அது எங்கட காக்காட” என்ற வசனம் தொண்டை வரைக்கும் வந்தது. எதிரே சபை, பக்கத்தில் மைக். நான் புன்னகைத்தேன். வாய் திறக்கத் தெரியாதவளுக்குப் புன்னகைக்க மட்டும் தெரிந்திருக்கிறது! பின்வரிசையில் காக்கா எழும்பி நின்று “என்ட லெப்டொப்!” என்று கத்தியது கைதட்டலில் அடிபட்டுப் போனது. என் கணவரோ நன்றியுரையில், ஒலிபெருக்கி தந்தவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் குத்தி முடித்த புத்தகம் அந்த லெப்டொப்புக்குள் மட்டும்தான் இருந்தது. ஓடிப்போய் ஹாஜியார் வீட்டில் கேட்டோம்.

“பெரிய சாமானெண்டு அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாரு” என்றார் அவருடைய மனைவி. “திறப்பு அவரோட மக்காவுக்குப் போயிட்டு.”

ஹாஜியார் திரும்பி வந்து, தாள்கூடப் பிரிக்காத லெப்டொப்பைப் பேரீச்சம்பழத்தோடு கொடுத்தனுப்பினார். கண்ணாடியை மக்காவில் மறந்துவிட்டு வந்ததால் வாசிக்கவில்லையாம். இன்றுவரை என் கணவர் ஒரு குடை கேட்டாலும் காக்கா விடுவதில்லை. “இரவலா, முதற்பிரதியா?”

விழாவுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. தங்கச்சி கோல் எடுத்து, “புத்தகம் வரல்லியே ராத்தா” என்றாள். நிவாரணத்தில் வந்த கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் மீன் பொரித்த அத்தியாயத்தை ஞாபகத்திலிருந்து சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கார்டில் காசு முடிந்து கோல் அறுந்தது.