சாயர்புரத்தில் நான் நடந்து காட்டியது

உலகத்தில் எல்லோருடைய செருப்பும் குதிகாலில்தான் தேயும். கொஞ்சம் கோணலாக நடப்பவர்களுக்கு ஓரத்தில் தேயும். இருபத்தாறு வயதில் என் செருப்பு தேய்ந்த இடம் இடது காலின் பெருவிரல் முனை. அங்கே மட்டும். கூடவே வலது செருப்பின் குதியில், யாரோ நாலணாக் காசை வைத்து வரைந்து குடைந்த மாதிரி ஒரு வட்டக் குழி. (இப்படித் தேய ஒரு மனிதன் என்ன செய்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்குத் தோன்றுவது எதுவும் சரியாக இருக்காது.) இந்தத் தேய்மானத்தால் எனக்கு அமைய வேண்டிய கல்யாணம் பெண் வீட்டு வாசற்படியிலேயே முடிந்துபோகப் பார்த்தது.

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். புதுத் துறைமுகம் திறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த கப்பல் ஒன்று கோதுமை இறக்கி முடியாமல் பத்துப் பன்னிரண்டு நாள் நின்றது. அதில் பில்லி என்று ஒரு மாலுமி. நம் ஊர் வெயிலில் வெந்து, நண்டு நிறத்துக்கு வந்திருந்தான். அவனிடம் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருந்தது. ஆரஞ்சு நிறம், விளிம்பு உள்பக்கம் மடங்கியிருக்கும். அதை வைத்துத் தன் ஊரில் கோல்ஃப் ஆடுகிறார்கள் என்றான். டிஸ்க் கோல்ஃப். மட்டை கிடையாது, பந்து கிடையாது, குழியும் கிடையாது. இங்கிருந்து தட்டை எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். அதோ அந்தக் கம்பத்தில் எத்தனை எறியில் படுகிறது என்பதுதான் கணக்கு. நான் கோல்ஃபையே பார்த்ததில்லை. இருந்தாலும் "ஓ, கோல்ஃப்" என்று தலையாட்டினேன். (ஆபீஸில் அப்படித் தலையாட்டித்தான் என் வேலையே நிரந்தரமானது.) போகும்போது பில்லி தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். எனக்குப் பிடித்த சனி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

துணைக்கு சேவியர் சேர்ந்தான். தருவைகுளத்துக்காரன், எங்கள் ஆபீஸில் சரக்கு எண்ணுகிறவன். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே இருந்த பொட்டலுக்குப் போவோம். ஒன்பது குறிகள். உடைமரம், சர்வே கல், துருப்பிடித்துக் கரையில் கிடந்த பழைய மிதவை என்று போகும். சேவியர் சின்ன வயதிலிருந்து வீச்சு வலை வீசியவன். நின்ற இடத்தில் இடுப்பை ஒரு திருப்பு திருப்பினால் தட்டு போய்ச் சேர்ந்துவிடும். அதுவும் வெறுங்காலோடு. அவன் பாதத்துக்கு முன்னால் எந்தச் செருப்புத் தோலும் பிச்சை வாங்க வேண்டும்.

எனக்கு அப்படி வரவில்லை. பில்லி காட்டிய ஸ்டைல்தான் தெரியும். பக்கவாட்டில் மூன்று எட்டு ஓடி, வலது காலை முன்னால் ஊன்றி, அந்தக் குதியிலேயே பம்பரம் மாதிரி சுழன்று எறிய வேண்டும். அப்போது பின்னால் வரும் இடது கால் பெருவிரலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வரும். பில்லியின் ஊரில் புல்வெளி. எங்கள் பொட்டலில் உப்பும் சரளையும், அதன்மேல் எந்தக் காலத்திலோ முத்துக்குளித்தவர்கள் உடைத்துப் போட்ட சிப்பி ஓடும். முத்தெல்லாம் யார் யார் கழுத்துக்கோ போயிற்று. ஓடு மட்டும் என் செருப்புக்கென்று காத்திருந்தது.

முதலில் போனது ரப்பர் செருப்பு. வார் பிடுங்கிக்கொண்டு தட்டுக்குப் பின்னாலேயே பறந்தது. (சேவியர் தூரத்தை எட்டு வைத்து அளந்து, செருப்புதான் ஜெயித்தது என்று தீர்ப்புச் சொன்னான்.) அடுத்து டயர் செருப்பு. லாரிக்கு அடியில் எத்தனையோ ஊர் பார்த்த டயர் என் பெருவிரலுக்கு அடியில் இரண்டு மாதம் தாங்கவில்லை. பிறகு கான்வாஸ் ஷூ. அதன் முனையில் ஓட்டை விழுந்து என் விரல் வெளியே எட்டிப் பார்த்தபோது, பஜார் முனையில் செருப்புத் தைக்கிறவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார்வாள், ஒத்தக் கால வச்சு ஏர் உழுதியளா?"

"ஆபீஸ் வேலை, அண்ணாச்சி."

"அப்பம் அந்த ஆபீஸ்ல எனக்கும் ஒரு வேலை சொல்லுங்க. தைக்க நெறைய இருக்கும்போல."

வீட்டில் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருந்தேன். துறைமுகத்தில் வேலை பார்க்கிற பிள்ளை பொட்டலில் தட்டு எறிந்து விளையாடுகிறான் என்று தெரிந்தால், அம்மா முதலில் அழுவாள், அப்புறம் ஜெபக் கூட்டத்தில் எனக்காக விசேஷ ஜெபம் ஏறெடுக்கச் சொல்வாள். அதில் ஊருக்கே தெரிந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் சாயர்புரத்து வரன் வந்தது. பெண் எஸ்தர், பள்ளிக்கூட டீச்சர். அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். நான் அவளை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருந்தேன். கோயில் ஸ்தோத்திரப் பண்டிகையில், காணிக்கையாக வந்த காய்கறிகளை ஏலம் விடும்போது ஒரு பூசணிக்காய்க்கு விலை கேட்டுக்கொண்டிருந்தாள். எதிரே போட்டி போட்டுக் கேட்டவர் அவளுடைய அப்பா. அது தெரிந்தும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அப்பாதான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து எனக்கு எந்தப் பூசணிக்காயைப் பார்த்தாலும் அவள் ஞாபகம். (இதை அவளிடம் பாராட்டாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.) மூன்று மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று அனுப்பியவள் என்றார்கள். அவள் என்னையும் அனுப்பிவிடக் கூடாதே என்பதுதான் அப்போது என் ஒரே கவலை.

சனிக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் பொட்டலுக்குப் போனேன். காலில் என்னிடம் மிஞ்சியிருந்த ஒரே நல்ல ஜோடி, கறுப்புத் தோல் ஷூ.

சேவியர் தட்டை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னான். "தொரை இன்னைக்கு எறிய மாட்டாவ. நாளைக்கு மாப்பிள்ளைல்லா. கை வலிச்சா காப்பி டம்ளர எப்படித் தூக்க?"

"ஏலே, ஒரே ஒரு எறி. குடு."

அந்த ஒரே ஒரு எறியை இருட்டுகிற வரைக்கும் எறிந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது ஷூவின் முனையில் தோல் போய், ஒரு பட்டாணி அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அதே இடத்தில் காலுறையிலும் ஓட்டை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்த நாட்களில்தான் எனக்கு எல்லாக் கஷ்டமும் வந்திருக்கிறது.) ஆபீஸ் பையில் டைப் அடிக்கிற கார்பன் தாள் இருந்தது. கன்னங்கரேல் என்று இருந்தது. அதை நாலாக மடித்து ஷூவின் முனைக்குள் திணித்து, மேலே பாலிஷ் போட்டேன். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. நானே அசந்துபோனேன்.

மறுநாள் அம்மாவும் நானும் பஸ் ஏறினோம். மாப்பிள்ளைத் தோழனாக சேவியரும் வந்தான். வெயில். பஸ்ஸில் கூட்டம். ஷூவுக்குள் வியர்வை. வாத்தியார் வீட்டு வாசற்படியில் ஷூவையும் காலுறையையும் கழற்றிய பிறகுதான் பார்க்கிறேன், என் இடது கால் பெருவிரல் கருநீலமாக இருக்கிறது. நகம் உட்பட. ஏதோ விஷக்கடிபோல.

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, இடது பாதத்தை வலது பாதத்துக்கு அடியில் வைத்து மறைத்துக்கொண்டேன். வாத்தியார் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளின் ஒளிவுமறைவைக் கண்டுபிடித்தவர். ஒரு நிமிஷத்தில் அவர் கண் என் பாதத்துக்குப் போய்விட்டது. நான் இன்னும் உள்ளே இழுத்தேன். அவர் இன்னும் குனிந்தார்.

"தம்பிக்குச் சர்க்கரை ஏதும் உண்டா?"

காப்பிக்குக் கேட்கிறார் என்று நான் நினைத்து, "கொஞ்சம் தூக்கலாவே இருக்கும் சார்" என்றேன்.

வாத்தியார் முகம் மாறியது. அந்த நேரம் பார்த்து எஸ்தரின் தாய்மாமா வந்து சேர்ந்தார். நாசரேத்தில் செருப்புக் கடை வைத்திருப்பவர். மற்றவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது மனிதர்களைப் பார்ப்பார்கள். இவர் வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்ப்பார். வாசலில் அவர் குனிவது தெரிந்தது. நிமிரவேயில்லை. பிறகு வாத்தியாரை வெளியே கூப்பிட்டார். இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். என் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் முகத்தைக் கம்பீரமாக வைத்துக்கொண்டேன்.

மாமா உள்ளே வந்தார். "மாப்பிள, சும்மா அந்தச் சன்னல் வரைக்கும் போயிட்டு வாங்களேன்."

சன்னலில் ஏதோ காட்டப் போகிறார் என்று எழுந்து நடந்தேன். ஒன்றும் இல்லை. திரும்பி வந்தேன்.

"இன்னொரு தடவ. பைய நடங்க."

நாலு பேர் காலையே உற்றுப் பார்க்கும்போது நடந்து பாருங்கள், தெரியும். இருபத்தைந்து வருஷமாக யோசிக்காமல் நடந்தவனுக்கு எந்தக் காலை முதலில் வைப்பது என்று சந்தேகம் வந்துவிட்டது. வலது காலோடு வலது கையும் போனது. விரலை மறைக்க இடது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி வைத்தேன். மாமா வாத்தியாரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்த எடத்துல எம்புள்ளைய நடக்க விட்டுப் பாக்குதிய? நாங்கள்லா உங்க பொண்ண நடக்கச் சொல்லணும்?"

மாமா முதுகுக்குப் பின்னாலிருந்து என் இடது ஷூவை எடுத்தார். "கோவிச்சுக்கிடாதிய மைனி. முப்பது வருசமா செருப்பு விக்கேன். இந்த ஷூக்காரரு இடது காலத் தூக்கி வைக்கல, இழுத்துட்டு வாராரு. பாரம் பூரா வலது குதியில. எப்பம் உள்ள கோளாறுன்னு தெரியல. போதாததுக்கு இது." ஷூவுக்குள் விரலை விட்டு கார்பன் தாளை உருவினார். "ஓட்டைய மறைச்சிருக்கு."

அடுக்களைக் கதவு ஒரு வளையல் சத்தத்தோடு லேசாகத் திறந்தது.

என்னைக் காப்பாற்ற சேவியர் எழுந்தான். அவன் மட்டும் உட்கார்ந்தே இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

"தப்பா நெனைக்காதிய. அவன் கால் நல்ல கால். நாள் பூரா நல்லாத்தான் நடப்பான். சாயங்காலம் ஆனா மட்டுந்தான் இழுக்கும்."

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "ஏலே சாமுவேலு, எங்கிட்ட சொல்லவே இல்லியேலே."

இனி மறைத்துப் பயனில்லை. பில்லி, தட்டு, உடைமரம், ஓவர்டைம் எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லச் சொல்ல அது எனக்கே பொய்போலத்தான் கேட்டது. மாமா கடைசிவரை கேட்டுவிட்டு, "தட்ட எறிஞ்சா கைல்லா தேயணும், கால் எப்படித் தேயும்?" என்றார். நியாயமான கேள்வி.

"ஒரு தட்டு குடுங்க, காட்டுதேன்" என்றேன்.

எல்லோரும் புழக்கடைக்குப் போனோம். எவர்சில்வர் தட்டில் இருந்த முறுக்கை அம்மாவின் முந்தானையில் கொட்டிவிட்டுத் தட்டைக் கையில் எடுத்தேன். தூரத்தில் மதிலோரமாக ஒரு முருங்கை மரம். "அதுதான் குறி. ஆனா அதப் பாக்காதிய. என் காலப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மூன்று எட்டு ஓடினேன். வலது காலை ஊன்றினேன். சுழன்றேன். இடது விரல் வழக்கம்போலத் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. வந்த வழியில் துணி துவைக்கிற கல் இருந்தது.

தட்டு தன் பாட்டுக்குப் போய் முருங்கை மரத்தின் நடுத் தண்டில் டங்கென்று பட்டது. ஒரே எறி. பொட்டலில் அத்தனை மாதம் ஆடியும் நான் அப்படி ஒன்று எறிந்ததில்லை. ஆனால் யாரும் பார்க்கவில்லை. நான் சொன்னபடியே எல்லோரும் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கல்லைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தேன். பாதி நகம் காணோம். கருநீலத்துக்கு மேல் சிவப்பு.

"மரத்துல பட்டுச்சு" என்று ஒரு குரல் கேட்டது. அடுக்களைச் சன்னலில் எஸ்தர். "நான் பாத்தேன்."

அவளே வந்து, மரத்தடியில் கிடந்த தட்டை எடுத்து, நெளிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். வாத்தியார் கேட்டார். "ஏளா, நீ என்ன சொல்லுத? இப்பமே சொல்லிரு."

"கால் இழுத்தா என்னப்பா? அதுல என்ன இருக்கு? எதையாவது மறைக்கிற ஆளா இருந்தாத்தான் எனக்கு ஆகாது." என் விரலை ஒரு பார்வை பார்த்தாள். "இவரால ஒரு வெரலக்கூட மறைக்க முடியல."

மாமாதான் முதலில் சிரித்தார். அப்புறம் வாத்தியார். அம்மா முந்தானையில் இருந்த முறுக்கை எடுத்து சேவியரிடம் கொடுத்தாள், அவன் மறுபடி வாயைத் திறந்துவிடக் கூடாது என்று.

எஸ்தர் சம்மதித்தாள். ஆனால் அன்று அந்த வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை, இடது காலைத் தரையில் ஊன்ற முடியாமல் சேவியரின் தோளைப் பிடித்து நான் இழுத்து இழுத்து நடந்ததை சாயர்புரமே பார்த்தது. வாத்தியார் வீட்டு மாப்பிள்ளைக்குக் கால் சரியில்லையாம் என்று பஸ் கிளம்புவதற்குள் பேச்சாகிவிட்டது. பஸ்ஸுக்குள் ஒருவர் கேட்டே விட்டார், பிறவியிலேயே அப்படியா என்று.

மூன்று மாதம் கழித்துக் கல்யாணம். எல்லாக் கல்யாணத்திலும் ஜனங்கள் பெண்ணைப் பார்ப்பார்கள். எங்கள் கல்யாணத்தில் தரையைப் பார்த்தார்கள். தாலி கட்டி முடித்து நாங்கள் கோயிலைவிட்டு வெளியே நடந்து வருகையில் எடுத்த படம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் நிற்கிற அத்தனை பேரும் ஒரே மாதிரி குனிந்திருக்கிறார்கள். செருப்புக் கடை மாமா கிட்டத்தட்ட மண்டியிட்டிருக்கிறார். படத்தில் என் முகத்தைப் பார்க்கிற ஒரே ஆள் எஸ்தர். அதுவும் ஆசையாக அல்ல. "இப்பமாவது நேரா நடங்க" என்று அவள் சொன்ன நேரத்தில் எடுத்த படம் அது.

வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுவிடுவார்கள். மருமகளும் வந்த முதல் நாளே கேட்டாள், "என்னத்தத் தொலைச்சிட்டு எல்லாரும் இப்படிக் குனிஞ்சு தேடுதாவ அத்தை?" என்று.

எஸ்தர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒங்க மாமாவோட மானத்த. இன்னும் அகப்படல."