மண்டபத்தில் ஒரு மண்டையோடு

மவுஸின் அம்புக்குறியைக் காணவில்லை. லக்ஷன் லப்டொப்பைத் தடவிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், கடைசியில் வாய்விட்டுக் கெஞ்சியும் பார்த்தான். அம்பு வரவில்லை.

மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் ஒரு நீலப் பந்து துள்ளிக்கொண்டிருந்தது. துள்ளட்டும், அதில் பிழையில்லை. ஆனால் இன்னும் சற்று நேரத்தில் தேனுகா சேலை கட்டி, தோழிமாரோடு மண்டபத்துக்குள் வருவாள். அப்போது பந்து மறைந்து, அவள் குழந்தையாக இருந்ததிலிருந்து எடுத்த படங்கள் ஓட வேண்டும். அம்பு இல்லாமல் பந்தை எப்படி மறைப்பது?

தேனுகா பெரியபிள்ளையானதற்குச் செய்யும் இந்தச் சாமத்திய வீடு லக்ஷனுக்கு வெறும் ஓடர் இல்லை. தேனுகாவின் அக்கா ரஜிதாவைத்தான் அவன் விரும்பினான். கிளிநொச்சியில் திரை வாடகைக்கு விடும் இந்தப் பெடியன் பெண் கேட்டுப் போனபோது, தகப்பன் செல்வராசா கதிரையைக்கூடக் காட்டவில்லை. பாதி ஆயுளை டென்மார்க்கில் கழித்துவிட்டு வந்து பளையில் தென்னங்காணி வாங்கியவர் அவர்.

"கொம்பியூட்டர்ப் பைத்தியத்துக்கு நான் பொம்பிளை குடுக்கமாட்டன். அந்தச் சாமான் எனக்குத் தெரியவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை" என்று நின்றபடியே சொல்லி முடித்துவிட்டார்.

ரஜிதா தாயைப் பிடித்து வாங்கித் தந்த ஓடர் இது. அந்தக் கல் மனதைக் கரைக்க லக்ஷன் கண்டுபிடித்த வழிதான் நீலப் பந்து. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இளம் பெடியள் அமிகா என்ற கணினிக்கு இப்படிச் சின்னச் சின்ன வேடிக்கைகள் எழுதினார்கள். பந்து துள்ளும், நெருப்பு எரியும், பாட்டுப் போகும், அடியில் எழுத்து ஓடும். வேறு ஒரு பிரயோசனமும் இல்லை. அந்தக் கணினிகள் மண்ணாய்ப் போய்விட்டாலும், ஓர் இணையத்தளத்தைத் திறந்தால் பிரவுசருக்குள்ளேயே ஒரு பொய் அமிகா எழும்பி நின்று எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டும். அதில் டென்மார்க்கில் செய்த ஒன்றை லக்ஷன் தேடிப் பிடித்தான். மனிதர் பழகிய நாட்டின் சரக்கைக் கண்டால் உச்சி குளிர்ந்துவிடுவார் என்பது அவன் கணக்கு.

உச்சி குளிரவில்லை. திரையைக் கண்டதும் செல்வராசாவின் முகம் கறுத்துவிட்டது. பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"தம்பி, உதை நிப்பாட்டு!"

"அங்கிள், டென்மார்க் பெடியள் செய்தது. உங்களுக்கெண்டே தேடி எடுத்தனான்."

"நிப்பாட்டு எண்டுறன்! பத்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர முதல் நிப்பாட்டு!"

பத்மா என்பது அவருடைய மனைவி பத்மாசனி. அவ உள்ளறையில் மகளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தா. பாவம், மனிதர் சடங்கு குழம்பிவிடும் என்று பதறுகிறார் என்று லக்ஷன் நினைத்தான். ஆனால் பொய் அமிகா அம்பை மட்டுமல்ல, கீபோர்ட்டையும் விழுங்கியிருந்தது; எதை அமத்தினாலும் அது அமிகாவுக்குள்தான் போனது, வெளியே வர வழி இல்லை.

அதற்குள் பந்துக்குக் கீழே எழுத்து ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்துப் பெடியள் தங்கள் கூட்டாளிகளுக்கு ஊர் ஊராக வாழ்த்துச் சொல்லும் பகுதி அது. முன் வரிசையில் இருந்த ஏரம்பர், பென்சன் எடுத்த தபாலதிபர், கண்ணாடியைச் சரி செய்துகொண்டு உரத்து வாசித்தார்.

"நோர்வே, ஒஸ்லோ நண்பர்களுக்கு... சுவிஸ், பேர்ண்... ஜெர்மனி, டோட்முண்ட்... அட, வெளிநாட்டுச் சொந்தக்காரர் எல்லாம் வாழ்த்து அனுப்பியிருக்கினம்!"

மண்டபம் கை தட்டியது. ஒஸ்லோவில் மச்சான் இருந்தவர்கள் எழும்பி நின்றே தட்டினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக லக்ஷனை நான்கு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் வாங்கிக்கொண்டான்.

எழுத்து முடிந்து பழையபடி தொடக்கத்துக்கு வந்தது. அப்போதுதான் செல்வராசாவின் அக்கா சிவலட்சுமி கைப்பையோடு எழும்பினா.

"எங்க கனடா?"

லக்ஷன் திரையைப் பார்த்தான்.

"என்ர மகன் கனடாவில இருந்து பிள்ளைக்கு அட்டியல் அனுப்பினவன். ஒஸ்லோவுக்கு ரெண்டு தரம் வாழ்த்துப் போகுது, கனடாவுக்கு ஒரு தரமும் இல்லையோ? நான் சாப்பிடாமல் போறன்."

"மாமி, பொறுங்கோ, கனடா பின்னுக்கு வருது" என்று லக்ஷன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான்.

"அப்ப கெதியா வரட்டும்."

கெதியாக வரவைக்க அவன் ஒரு பட்டனை அமத்தினான். அது பொய் அமிகாவை நாலு மடங்கு வேகமாக ஓட்டும் பட்டன். பந்து பைத்தியம் பிடித்துத் துள்ளியது. வாழ்த்துகள் மின்னி மறைந்தன. பாட்டு கீச்சிட்டுப் பறந்தது. மேடையோரம் இருந்த தவில்காரர் இதைத் தனக்கு விட்ட சவாலாக எடுத்துக்கொண்டு, சட்டையைக் கழற்றிவிட்டு அடிக்கத் தொடங்கினார்.

"அறுவானே, வேகத்தைக் குறை! அடுத்த பகுதிக்குப் போயிடும்!" என்று செல்வராசா கத்தினார்.

அடுத்த பகுதி ஒன்று இருக்கிறது என்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க லக்ஷனுக்கு நேரம் இல்லை. பதற்றத்தில் ஸ்பேஸ் பட்டனில் கை பட்டுவிட்டது.

பந்து போய்விட்டது. திரை நிறைய ஒரு மண்டையோடு வந்தது. கண் இரண்டிலும் நெருப்பு. தாடை ஆடி ஆடிச் சிரித்தது.

சரியாக அந்த நேரத்தில் உள்ளறைக் கதவு திறந்தது. முன்னால் விளக்குப் பிடித்த தோழிமார், நடுவில் தேனுகா, பின்னால் பத்மாசனியும் ரஜிதாவும்.

"ஐயோ, நல்ல காரியத்தில என்னடா இது!" என்று ஏரம்பர் கண்ணாடியைக் கழற்றினார். தோழி ஒருத்தி விளக்கைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். ரஜிதா தலையில் கை வைத்தாள். லக்ஷன் அதைப் பார்த்தான். இனி இந்த வீட்டுப் படியை மிதிக்க முடியுமா?

கடைசி வழியாக, சுவரோரம் போய்க் கையில் அகப்பட்ட தடித்த வயரைப் பிடுங்கினான். மண்டபத்து வெளிச்சம் முழுவதும் போனது. யன்னல்களுக்கு அலங்காரச் சீலை போட்டிருந்ததால் பட்டப்பகலில் கும்மிருட்டு. திரை மட்டும் லக்ஷனின் சொந்த ஜெனரேட்டரில் ஓடியது. இருட்டுக்குள் மண்டையோடு முன்னிலும் வடிவாகச் சிரித்தது.

"விலத்து!"

செல்வராசா அவனைத் தள்ளிவிட்டுக் கதிரையில் இருந்தார். கீபோர்ட்டைப் பார்க்கவே இல்லை. இடது கையால் ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் டச்பாட்டின் இடது பக்கத்தை இரண்டு தரம் அமத்தினார். மண்டையோடு மெல்ல மங்கி அணைந்தது. அம்புக்குறி வந்து, நல்ல பிள்ளையாகத் திரையின் நடுவில் நின்றது.

யாரோ வயரைத் திரும்பச் செருக, வெளிச்சம் வந்தது. செல்வராசா நெற்றி வியர்வையைச் சால்வையால் துடைத்தார்.

"அங்கிள், உங்களுக்குக் கொம்பியூட்டர் தெரியாதெண்டு..."

"பேசாமல் படங்களைப் போடடா" என்றார் அவர், குரலே எழும்பாமல்.

பத்மாசனி கூட்டத்தை விலத்திக்கொண்டு ஆற அமர வந்தா. லக்ஷன் திட்டு வாங்கத் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அவ அவனைப் பார்க்கவில்லை. கதிரையில் சுருண்டிருந்த புருசனைப் பார்த்துத்தான் கேட்டா.

"இஞ்சாருங்கோ, கொம்பியூட்டர்ப் பைத்தியத்துக்குப் பொம்பிளை குடுக்கக் கூடாதெண்டால், புதுப் பொம்பிளையா டென்மார்க்குக்கு வந்த என்னைத் தனிய விட்டிட்டு இரவிரவா அமிகாவுக்கு முன்னால இருந்து இந்த மண்டையோட்டைக் கீறின மனுசனுக்கு என்ர அப்பா ஆரைக் குடுத்தவர்?"